லாப்ரடோரா, அல்சேஷனா?

வீட்டுக்குப் பெரிய நாய் வாங்க நினைப்போர் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். வளர்ந்த நாய் 30 கிலோவைத் தொடும். முடி நிறைய உதிரும். தினமும் ஒரு மணி நேரமாவது நடையும் விளையாட்டும் தேவை. வெயிலைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் கூட்டிச் செல்ல வேண்டும்.

லாப்ரடோர் புதியவர்களிடமும் வாலாட்டும்; பிள்ளைகளுடன் எளிதில் பழகும். ஆனால் கிடைத்ததையெல்லாம் தின்று பருத்துவிடும். ஜெர்மன் ஷெப்பர்ட் எனப்படும் அல்சேஷன் காவலுக்கு ஏற்றது. குட்டியிலேயே ஆட்களுடன் பழக்காவிட்டால் வீட்டுக்கு வருவோர் மீது பாயக்கூடும். இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரலாம். தாய், தந்தை நாய்களின் பரிசோதனை விவரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

மலேசியாவில் ஊராட்சி மன்ற உரிமம் எடுக்க வேண்டும். சிங்கப்பூரின் வீவக வீடுகளில் இவ்விரண்டு இனங்களுக்கும் அனுமதியில்லை.

நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போடத்தான் முடியும் என்றால், இரண்டையுமே வாங்காமல் இருப்பது நல்லது.