மக்கள் பூங்கா

புகார் நகரத்து இலவந்திகைச் சோலை அரச குலத்தார்க்கே உரியது. சென்னையில் 1859-இல் ஆளுநர் டிரெவெல்யன் அமைத்த பூங்காவோ 'மக்கள் பூங்கா' எனவே பெயர் பெற்றது; நெருக்கடி மிகுந்த நகரத்தார்க்கு நிழலும் காற்றும் நடக்க இடமும் தந்தது.

பின்னர் விக்டோரியா மண்டபம், 1900-இல் மூர் சந்தை, 1913-இல் ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் எனப் பல எழுந்தன. ஒவ்வொன்றும் நற்பணியே, ஒவ்வொன்றுக்கும் பூங்காவே இடம் ஈந்தது. 1985-இல் மூர் சந்தை எரிந்தபோதும் அம்மண் மரங்களுக்குத் திரும்பவில்லை. ரயில் நிலையமே வந்தது.

நம் தேவிகாபுரத்தில், பகலெல்லாம் குழித்தறியில் கால்களை இறக்கிப் பட்டு நெய்வோர் மாலையில் நிமிர்ந்து நடக்கப் பெரியநாயகியம்மன் கோயிலின் அகன்ற வெளி உண்டு. ஊர் வளருங்கால் வெற்றிடம் வீணிடமன்று என்பதை மறவாதிருப்போமாக.