ஏடா (நிரலாக்க மொழி)

ஏடா என்பது ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் துறைக்காக 1970களின் பிற்பகுதியில் வடிவமைக்கப்பட்ட ஒரு கணினி நிரலாக்க மொழி ஆகும். பிரான்சு நாட்டுக் கணினி அறிவியலாளர் ழான் இக்பியா (1940–2007) தலைமையிலான குழு இதனை உருவாக்கியது. சார்லசு பாபேச்சின் பகுப்பாய்வுப் பொறி பற்றிய குறிப்புகளை எழுதிய ஏடா லவ்லேசின் நினைவாக இம்மொழிக்குப் பெயரிடப்பட்டது. அரசே தேவைகளை வகுத்து, போட்டி நடத்தித் தேர்ந்தெடுத்து, பின்னர் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கிய மொழி என்பதால், மென்பொருள் துறையில் அரசின் பங்கு பற்றிய ஆய்வுகளில் ஏடா முக்கிய எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

பின்னணி

1970களில் பாதுகாப்புத் துறையின் ஆயுதங்களிலும் வானூர்திகளிலும் பொருத்தப்பட்ட கணினிகளுக்கு நூற்றுக்கணக்கான மொழிகளில் நிரல்கள் எழுதப்பட்டு வந்தன. ஒரு திட்டத்திற்கு எழுதிய நிரலை மற்றொன்றில் பயன்படுத்த இயலவில்லை. பராமரிப்புச் செலவும் பெருகியது. இதற்குத் தீர்வு காண 1975இல் உயர்நிலை மொழிப் பணிக்குழு அமைக்கப்பட்டது. இக்குழு தேவைகளை வைக்கோல் மனிதன், மர மனிதன், தகர மனிதன், இரும்பு மனிதன், எஃகு மனிதன் எனப் பொருள்படும் பெயர்களைக் கொண்ட ஆவணங்களாகப் படிப்படியாக வெளியிட்டது.

தேர்வு

போட்டிக்கு நான்கு நிறுவனங்கள் தேர்வாயின. மதிப்பீட்டாளர்கள் நிறுவனத்தின் பெயரைக் கொண்டு முடிவெடுக்காதிருக்க, வடிவமைப்புகளுக்குப் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் எனப் பெயரிடப்பட்டது. நான்கும் பாசுக்கல் மொழியை அடிப்படையாகக் கொண்டவை. 1979 மே மாதத்தில் இக்பியா குழுவின் பச்சை வெற்றி பெற்றது. லவ்லேசின் பிறந்த நாளான திசம்பர் 10 அன்று, 1980இல், இது படைத்துறைத் தரநிலையாக ஏற்கப்பட்டது. தரநிலையின் எண்ணான 1815 அவர் பிறந்த ஆண்டாகும்.

சிறப்புக் கூறுகள்

- தரவினங்கள் கண்டிப்பாகப் பிரிக்கப்படுகின்றன. மீட்டருக்கும் அடிக்கும் தனித்தனித் தரவினங்களை வரையறுத்தால், ஒன்றை மற்றொன்றுடன் தவறுதலாகக் கூட்டுவதை நிரல்மொழிமாற்றி (கம்பைலர்) ஏற்காது.
- நிரல் தொகுதியின் வெளித்தோற்றமும் உட்செயற்பாடும் தனித்தனியே எழுதப்படுவதால், பல குழுக்கள் ஒரே நேரத்தில் பணியாற்றலாம்.
- ஒரே நேரத்தில் பல பணிகளை இயக்குவதும் பிழைகளைக் கையாள்வதும் மொழியிலேயே அமைந்துள்ளன.

கட்டாயப் பயன்பாடு

1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், செலவு கட்டுப்படியாகும் இடங்களில் 1991 சூன் முதல் பாதுகாப்புத் துறையின் மென்பொருள்கள் அனைத்தும் ஏடாவிலேயே எழுதப்பட வேண்டும் எனக் கூறியது. 1990களின் நடுப்பகுதியில் துறையில் பயன்பட்ட உயர்நிலை மொழிகள் 37 ஆகக் குறைந்திருந்தன.

எனினும் தொடக்ககால நிரல்மொழிமாற்றிகள் விலை மிக்கவையாகவும் மெதுவாக இயங்குபவையாகவும் இருந்தன. வணிகச் சந்தையில் சி, சி++ மொழிகள் பரவியமையால், அவற்றுக்கே கருவிகளும் பயிற்சி பெற்ற நிரலாளர்களும் மிகுதியாகக் கிடைத்தனர். பல திட்டங்கள் விலக்குப் பெற்றன. 1996இல் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு, போர்ப் பயன்பாட்டு மென்பொருள்களுக்கு மட்டும் கட்டாயத்தைத் தொடருமாறு பரிந்துரைத்தது. ஆனால் பாதுகாப்புத் துறை 1997இல் அதனை முற்றிலுமாக நீக்கியது.

ஏரியான் 5 விபத்து

1996 சூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவூர்தி, புறப்பட்டு ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. வழிகாட்டும் கருவியின் மென்பொருள் ஏடாவில் எழுதப்பட்டு, ஏரியான் 4இலிருந்து எடுத்தாளப்பட்டது. 64 இருமப் பதின்ம எண் ஒன்றை 16 இரும முழு எண்ணாக மாற்றும்போது மதிப்பு அடங்காமல் பிழை எழுந்தது. ஏடா பிழையைக் கண்டறிந்தது. ஆயினும் செயலியின் சுமையைக் குறைப்பதற்காக அந்த மாறிக்குப் பாதுகாப்பு எழுதப்படாமல் விடப்பட்டிருந்தது. புதிய ஏவூர்தியின் பறப்புப் பாதையைக் கொண்டு அந்த மென்பொருள் சோதிக்கப்படவும் இல்லை. நல்ல மொழி மட்டுமே நல்ல பொறியியல் நடைமுறைக்கு ஈடாகாது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகக் காட்டப்படுகிறது.

பிற்காலப் பயன்பாடு

ஏடா 95 பொருள்நோக்கு நிரலாக்கத்தைச் சேர்த்தது. அமெரிக்க வான்படையின் நிதியுதவியுடன் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நாட் என்னும் கட்டற்ற நிரல்மொழிமாற்றி உருவாக்கப்பட்டது. கட்டாயம் நீங்கிய பின்னரும் வானூர்தி, தொடர்வண்டி, விண்வெளித் துறைகளில் ஏடா தொடர்ந்து பயன்படுகிறது. போயிங் 777 வானூர்தியின் மென்பொருளில் பெரும்பகுதி இம்மொழியில் எழுதப்பட்டது. ஏடா 2012, ஏடா 2022 ஆகியன பிந்தைய பதிப்புகள் ஆகும்.