கண்ணாடிப் பேழைக்குள் ஒரு காடு

சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவில் என் சகோதரி வீட்டில் தங்கியிருந்தபோது, மருமகன் தன் அறைக்கு என்னை அழைத்துச் சென்று ஒரு கண்ணாடிப் பேழையைக் காட்டினான். உள்ளே செங்குத்தாக நிறுத்திய ஒரு மரப்பட்டை, அடியில் பழுப்பு நிறத்தில் மண் போன்ற ஒன்று, ஒரு மூலையில் சிறு நீர்க் கிண்ணம். பட்டையின் பின்னால் கறுப்பும் சாம்பலும் கலந்த கால்கள் இரண்டு மட்டும் தெரிந்தன. "மாமா, இது உங்கட நாட்டுச் சிலந்தி" என்றான். மண் என நான் கருதியது மண்ணன்று. தேங்காய் மட்டையிலிருந்து தும்பு எடுத்தபின் எஞ்சும் தும்புச்சோறு. தமிழகத்தார் இதனைத் தென்னைநார்க் கழிவு என்பர். அது வந்த பொதியில் 'இலங்கை உற்பத்தி' என அச்சிடப்பட்டிருந்தது. சிலந்தியின் முன்னோரும் இலங்கை, அது படுத்துறங்கும் மெத்தையும் இலங்கை. மரப்பட்டை மட்டும் போர்த்துக்கல் நாட்டுத் தக்கை மரத்தினது.

இத்தகைய ஒரு பேழை மனிதனின் படுக்கையறைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை அன்றிலிருந்து தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கிடைத்தவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பெயர். 'டரண்டுலா' என்னும் சொல் இத்தாலியின் தெற்கிலுள்ள தாரந்தோ நகரிலிருந்து பிறந்தது. அங்கு அப்பெயர் பெற்றது வேறொரு சிலந்தி. நிலத்தில் ஓடி இரைதேடும் ஓநாய்ச் சிலந்தி இனம். அது கடித்தால் விடாது நடனமாடினாலன்றி விஷம் இறங்காது என்ற நம்பிக்கை அப்பகுதியில் நூற்றாண்டுகளாக நிலவியது. பின்னர் அமெரிக்கக் கண்டங்களில் உடலெங்கும் மயிரடர்ந்த பெருஞ் சிலந்திகளைக் கண்ட ஐரோப்பியர், தமக்குத் தெரிந்த அச்சமூட்டும் பெயரையே அவற்றுக்கும் சூட்டினர்.

இலங்கைக்கு இந்தச் சிலந்தி புதியதன்று. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிச் சென்ற ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியிட்ட தமது நூலில், மனிதக் கைமுட்டியளவு உடல் கொண்ட, கரிய, மயிரடர்ந்த, புள்ளிகள் மின்னும் ஒரு சிலந்தியைப் பற்றி எழுதியுள்ளார். அவர் கேட்டு எழுதிய பெயர், சிங்களத்தில் இன்றும் வழங்கும் 'திவிமகுளுவா' என்பதன் திரிபே. திவி என்றால் சிறுத்தை; சிறுத்தைச் சிலந்தி எனக் கொள்ளலாம். இவ்வினங்களுள் ஒன்றுக்கு 1804இல் பிரெஞ்சு அறிஞர் லாத்ரேய் விஞ்ஞானப் பெயரிட்டார். பின்னாளில் இவை அடங்கும் பேரினத்துக்கு 'பொயிசிலோதீரியா' என்ற பெயர் அமைந்தது. கிரேக்க மொழியில் 'பலநிறப் புள்ளி விலங்கு' என்பது அதன் பொருள். கிராமத்தவரும் விஞ்ஞானியும் ஒரே தோற்றத்தைக் கண்டு ஏறத்தாழ ஒரே பெயரைத்தான் வைத்தனர்.

ஆயினும் அக்கால ஐரோப்பா இச்சிலந்திகளை உயிரோடு அறிந்ததில்லை. மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியப் பெண்மணி சூரிநாமில் தங்கி வரைந்து 1705இல் வெளியிட்ட நூலில், மரக்கிளையில் ஒரு பெருஞ் சிலந்தி சிறு பறவையை உண்ணும் காட்சி இடம்பெற்றது. பலர் அதனை நம்ப மறுத்தனர். 1863இல் ஹென்றி வோல்டர் பேட்ஸ் தமது அமேசன் நதி நூலில், அத்தகைய சிலந்தி பறவையைக் கொன்றதைத் தாமே கண்டதாக எழுதினார். அதே நூலில் இன்னொரு காட்சியும் உண்டு. பழங்குடிக் குடும்பம் ஒன்றின் சிறுவர்கள் ஒரு பெருஞ் சிலந்தியின் இடையில் கயிறு கட்டி, நாயை நடத்துவதுபோல் வீட்டைச் சுற்றி நடத்திச் சென்றனராம். டரண்டுலாவை வளர்ப்புப் பிராணியாக வைத்திருந்தது குறித்து நான் படித்த மிகப் பழைய பதிவு இதுவே. அச்சிறுவர்களுக்குப் பேழை தேவைப்படவில்லை. காடு வாசலில் இருந்தது.

பேழையின் கதை தொடங்குவது காட்டிலன்று. காடே இல்லாத இடத்தில். கிழக்கு லண்டனில் வாழ்ந்த மருத்துவர் நதானியேல் பாக்ஷோ வார்ட், வீட்டில் பன்னம் வளர்க்க முயன்று தோற்றவர். நிலக்கரிப் புகை செடிகளைக் கருக்கியது. 1829இல் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு எவ்வாறு வெளிவருகிறது எனப் பார்ப்பதற்காக, அதனை ஈர மண்ணில் புதைத்துக் கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடிவைத்தார். பகலில் ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணில் இறங்கியது. சில நாள்களில் அந்த மண்ணிலிருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே கருகியது உள்ளே தழைத்தது. இன்றைய சிலந்திப் பேழைகளுக்கெல்லாம் மூதாதை இந்தப் போத்தலே என்பேன். அது முதலில் ஒரு பூச்சிக்காகவே வைக்கப்பட்டது என்பது பலர் கவனிக்காத செய்தி.

வார்ட் பேழைகள் 1833இல் செடிகளுடன் கப்பலேறிச் சிட்னிக்குச் சென்றன. மாதக்கணக்கான பயணத்தின் பின்னும் செடிகள் உயிரோடிருந்தன. அதன் பின் உலகின் விவசாய வரலாறே மாறியது. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்குப் போனது இப்பேழைகளில்தான். 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்டு லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்த ஏறத்தாழ 1,900 றப்பர் கன்றுகள், 38 வார்ட் பேழைகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹா மாவட்டத்தின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அவற்றின் வழியே எழுந்த றப்பர்த் தோட்டங்களுக்காக நம் நாட்டின் எத்தனை ஏக்கர் காடு வெட்டப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், கண்ணாடிப் பேழையின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று என்பது புரியும்.

பிரித்தானியாவில் 1845இல் கண்ணாடிக்கான வரி நீக்கப்பட்டது. விலை குறைந்ததும் பேழைகள் நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தன. லண்டன் விலங்கியற் பூங்காவில் 1849இல் ஊர்வன இல்லமும், 1853இல் பொதுமக்களுக்கான மீன் காட்சியகமும், 1881இல் பூச்சி இல்லமும் திறக்கப்பட்டன. அலங்காரம் என்பதும் இக்காலத்தில்தான் வேரூன்றியது. வார்ட் தமது பெரிய பேழை ஒன்றினுள் ரின்ரேன் மடாலய இடிபாட்டின் சாளரத்தைச் சிறு கல் மாதிரியாகச் செய்து வைத்திருந்தார். பன்னத்துக்கு மடாலயம் எதற்கு? அது பார்ப்பவரின் கண்ணுக்காக வைக்கப்பட்டது. உள்ளே வாழும் உயிருக்கு வேண்டியது ஒன்று, வெளியே நின்று பார்ப்பவருக்கு வேண்டியது மற்றொன்று என்னும் முரண்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

சிலந்தியைப் பொறுத்தவரை, அதனை நீண்டகாலம் வளர்த்து அவதானித்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்காவின் ஆர்கன்சோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டபிள்யூ. ஜே. பேர்க். விஷச் சிலந்தியைத் தம் விரலிலேயே கடிக்கவிட்டுச் சோதித்தவர் இவர். அமெரிக்க டரண்டுலாக்கள் மனிதருக்கு அஞ்சத்தக்க ஆபத்து விளைவிப்பவை அல்ல என்பதையும், பெண் சிலந்திகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியவை என்பதையும் அவரது பணி காட்டியது. அவரது நூல் 1958இல் வெளிவந்தது.

1970களிலும் 1980களிலும் டரண்டுலா வளர்ப்பு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவியது. மெக்சிக்கோவின் செம்முழங்காற் சிலந்திகள் ஆயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. விளைவு, 1985இல் அவ்வினம் சைட்டீஸ் எனப்படும் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அக்கால அலங்காரங்களைப் பற்றிப் படிக்கும்போது மனம் கனக்கிறது. மீன் தொட்டியையே சிலந்திக்கும் கொடுத்தனர். அடியில் நிறம் பூசிய சரளைக் கற்கள். நடுவில் மண்டையோட்டுப் பொம்மை. மின்சாரத்தால் சூடேறும் செயற்கைக் கல். நீர்க் கிண்ணத்தில் ஒரு துண்டு கடற்பஞ்சு. சரளையில் சிலந்தி வளை தோண்ட முடியாது. நிலத்தில் வாழும் கனத்த சிலந்தி உயரமான தொட்டியின் சுவரில் ஏறி விழுந்தால், அதன் மெல்லிய வயிறு வெடித்து இறந்துபோகும். சூட்டுக் கல் அதனை உலர்த்திக் கொல்லும். கடற்பஞ்சில் அழுக்கும் கிருமியும் சேரும். சிலந்தி எழுப்பும் முறைப்பாடு எவர் காதுக்கும் எட்டாது. அது மெல்ல மெலிந்து இறக்கும்.

இவற்றைத் திருத்தியதில் பெரும் பங்கு, வீட்டில் வளர்த்துக் குறிப்பெடுத்த சாதாரண மனிதர்களுடையது. பிரித்தானியாவில் 1980களின் நடுப்பகுதியில் டரண்டுலா வளர்ப்போர் சங்கமொன்று உருவானது. கனடாவின் ஸ்ரான்லி, மார்கரிட் ஷூல்ட்ஸ் தம்பதியர் வெளியிட்ட வழிகாட்டி நூல் பலரது வீட்டுப் பேழைகளை மாற்றியது. இன்றைய பொது விதிகள் எளியவை. வளை தோண்டும் இனத்துக்கு ஆழமான மண்ணும் தாழ்ந்த கூரையும். மரத்தில் வாழும் இனத்துக்கு உயரமும் செங்குத்தான பட்டையும். இரண்டுக்கும் ஓர் ஒளிவிடம், சுத்தமான நீர்க் கிண்ணம், தேங்காத காற்று. ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். சிலர் இலைச்சருகு இட்டு, கழிவைத் தின்னும் நுண்ணிய பூச்சிகளையும் சேர்த்து வளர்க்கின்றனர். மீதி அலங்காரத்தைச் சிலந்தியே செய்துகொள்கிறது. பட்டைக்கும் மண்ணுக்கும் இடையில் அது நூற்கும் பட்டுத்திரையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பொயிசிலோதீரியா பேரினம் உலகிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்வது. முதிய மரங்களின் பொந்துகளே அதன் வீடு. 2009இல் வடக்கில் கிராமவாசிகள் கொன்ற ஓர் ஆண் சிலந்தி ஆய்வாளர்களின் கைக்குக் கிடைத்தது. அதுவரை அறியப்பட்ட எவ்வினத்தோடும் அது பொருந்தவில்லை. தேடுதலின்போது மாங்குளம் மருத்துவமனையின் பழைய மருத்துவர் விடுதியில் அவ்வினத்தின் உயிருள்ள சிலந்திகள் காணப்பட்டன. 2012இல் ரணில் நாணயக்கார தலைமையிலான குழுவினர் அதனைப் புதிய இனமாக அறிவித்து, களப்பணியில் துணைநின்ற காவல்துறை அதிகாரி ஒருவரைக் கௌரவித்து 'பொயிசிலோதீரியா ராஜேயி' எனப் பெயரிட்டனர். கால்களை விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். போரினால் சிதைந்த ஊரில், ஒரு பழைய கட்டடத்தின் இருளில் அது தங்கியிருந்தது. பொந்துள்ள மரங்கள் குறைந்தமையே அது கட்டடத்தை நாடக் காரணம் என ஆய்வாளர் கருதினர். மனிதர்கள் இடம்பெயர்ந்த வன்னியில் சிலந்தியும் இடம்பெயர்ந்திருந்தது.

2018இல் அமெரிக்கா இலங்கையின் ஐந்து பொயிசிலோதீரியா இனங்களை அருகிவரும் இனங்களின் சட்டப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் அப்பேரினம் முழுவதும் சைட்டீஸ் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றது. இவை நல்ல செய்திகளே. ஆனால் சட்டம் வர்த்தகத்தைத் தடுக்கலாம். வெட்டிய மரத்தை நிமிர்த்தாது.

வளர்ப்பவர்கள் இவற்றை ஆங்கிலத்தில் அலங்காரச் சிலந்திகள் என்றே அழைக்கின்றனர். அந்த அலங்காரம் தோலில் உள்ள கோலம். மரப்பட்டையின் நிறத்தோடு ஒன்றி மறைவதற்காக இயற்கை வரைந்தது. மரம் இல்லாவிடில் அக்கோலத்துக்குப் பொருளே இல்லை.

அன்று புறப்படுமுன் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, ஊரில இது எந்த மரத்தில இருக்கும்? அதே மாதிரி ஒரு பட்டை தேடி வைக்கலாம்." தொழிலில் முப்பது ஆண்டுகள் பிறரிடம் கேள்வி கேட்டே வாழ்ந்த எனக்கு, அவனுக்குச் சொல்லப் பதில் இருக்கவில்லை. பாலையும் வீரையும் முதிரையும் நின்ற சாலைகளில் பயணித்திருக்கிறேன். ஒருநாளேனும் ஒரு பொந்தைக் குனிந்து பார்த்ததில்லை. கடல் கடந்த ஒரு சிறுவன், காணாத காட்டை ஒரு பேழைக்குள் கட்டியெழுப்ப இத்தனை கவனம் எடுக்கிறான். காட்டின் அருகிலேயே வாழும் நாம், கோடரியை ஓங்குமுன் ஒருமுறை பொந்தை எட்டிப் பார்த்தாலே போதும்.