மேனாட்டு வாத்தியமும் நம் சங்கீதமும்

பதினெட்டாம் நூற்றாண்டு கழிந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், கும்பினியாருக்கும் நம்மவர்க்கும் இடையே பாஷையும் மதமும் பெருஞ்சுவராய் நின்றபோதிலும், சென்னையை அடுத்த மணலியில் வசித்த தீட்சிதர் குடும்பத்தினர், கோட்டைப் பாண்டு வாத்தியக்காரரின் இசையைச் செவிமடுத்து, அதை அந்நியமென்று ஒதுக்காமல் உவந்து ஏற்றனர். முத்துஸ்வாமி தீட்சிதர் ஆங்கில ராஜகீதத்தின் மெட்டிலேயே தேவியைத் துதிக்கும் சம்ஸ்கிருத சாகித்யம் அமைத்தார். அவர் தம்பி பாலுஸ்வாமியோ, ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்று, அவ்வாத்தியத்தை நம் ராகங்களுக்கு இசைவித்தார். தீட்சிதரின் சீடரான தஞ்சை வடிவேலு அதைத் திருவிதாங்கூர் சம்ஸ்தானத்தில் வாசித்துப் பிரசித்தி பெற, சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் அவருக்குத் தந்தப் பிடில் ஒன்றைச் சன்மானமாக அளித்தார். அந்நியர் ஆட்சி அகன்றது. அவர்கள் கொணர்ந்த பிடிலோ, அஃதின்றி வாய்ப்பாட்டுக் கச்சேரி நிறைவுறாது எனுமளவுக்கு நம் சொந்தமாகிவிட்டது.