பழுப்பு முட்டை பிறந்த கதை

சந்தாபுராவில் ஆனேக்கல் ரோடு பிரியும் இடத்தில் எந்த மளிகைக் கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணா, இது நாட்டுக்கோழி முட்டைதானே?"

"கலரைப் பார்த்தாலே தெரியலையாம்மா?"

அதோடு பேச்சு முடிந்துவிடும். வெள்ளை முட்டை என்றால் நாமக்கல்லிலிருந்து ஓசூர் ரோடு வழியாக லாரியில் வந்தது, பழுப்பு என்றால் நாட்டுக்கோழி போட்டது. தமிழரும் கன்னடக்காரரும் ஒருமனதாக நம்பும் சங்கதி இது. முதல் பாதி பெரும்பாலும் சரி. இரண்டாவது பாதியில்தான் கோளாறு. கொல்லையில் மேயும் சிறுவிடைக் கோழியின் முட்டை சின்னதாக, நாற்பது கிராம் சுமாருக்கு, சந்தன வெளுப்பிலோ இளம்பழுப்பிலோ இருக்கும். ஒரே கூடையில் இருக்கும் பத்து முட்டையும் பத்து விதமாக இருக்கும். தட்டு நிறைய அச்சில் வார்த்ததுபோல் அடுக்கியிருக்கும் அடர்பழுப்பு முட்டை அதுவல்ல.

அப்படியானால் அந்தப் பழுப்பு எங்கே பிறந்தது? உலகத்தைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய நிறம் அது.

நீல முட்டையிடும் சில இனங்களை விட்டால், எந்தக் கோழியாக இருந்தாலும் ஓடு முதலில் வெள்ளைதான், வெறும் சுண்ணாம்புச் சத்து. முட்டை உருவாகி வெளியே வர ஒரு நாள் பிடிக்கும். அதில் இருபது மணி நேரம்போல ஓடு கட்டும் பையிலேயே கழியும். பழுப்பு முட்டையிடும் கோழிக்கு அந்தக் கடைசி சில மணி நேரத்தில் புரோட்டோபோர்ஃபிரின் என்ற நிறமி ஓட்டின் மேல் படிகிறது. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீம் என்ற பொருளுக்கு இது நெருங்கிய உறவு. மேல்பூச்சு என்பதால் முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறம் பார்த்தால் வெளுத்துத்தான் இருக்கும். கோழிக்கு வயதானாலும், நோய் வந்தாலும், மிரண்டு போனாலும் பூச்சு சரியாக விழாமல் நிறம் மங்கும். இதற்கும் முட்டையின் சத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மஞ்சள் கருவின் நிறத்தைத் தீர்மானிப்பது தீவனம், ஓட்டின் நிறத்தைத் தீர்மானிப்பது பரம்பரை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியச் சந்தைகளில் புழங்கியவை பெரும்பாலும் வெள்ளை அல்லது வெளிர் முட்டைகளே. 1840களில் சீனக் கரையிலிருந்து கொச்சின் என்று பெயர் சூட்டப்பட்ட பெரிய கோழிகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. நம் கொச்சிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. விக்டோரியா மகாராணி அவற்றை அரண்மனையில் வளர்த்ததும் ஊரே பித்துப்பிடித்ததுபோல் ஆயிற்று. அடுத்து வந்தது பிரம்மபுத்திராவின் பெயரைச் சுருக்கிக்கொண்ட பிரம்மா. அதை வளர்த்து விற்ற அமெரிக்க வியாபாரி ஜார்ஜ் பர்ன்ஹாம் 1852-ல் மகாராணிக்கே சில கோழிகளை அனுப்பி விளம்பரம் தேடிக்கொண்டார். காய்ச்சல் தணிந்ததும் 1855-ல் அந்தப் பித்தைக் கிண்டல் செய்து அவரே ஒரு புத்தகமும் எழுதினார். விற்றதிலும் காசு, சிரித்ததிலும் காசு!

ஆசியக் கோழிகள் கொண்டுபோன சொத்து பழுப்பு ஓடு. அவற்றோடு உள்ளூர்க் கோழிகளைக் கலந்துதான் அமெரிக்காவின் பேர்போன இனங்கள் உருவாயின. பிளிமத் ராக்கில் அந்தக் கலப்பு உண்டு. ரோட் ஐலண்ட் ரெட்டுக்கு மூதாதை, மாலுமி ஒருவர் கப்பலில் கொண்டுவந்த செந்நிற மலாய்ச் சேவல். ரோட் ஐலண்ட் ரெட்டிலிருந்து பொறுக்கியெடுத்தது நியூ ஹாம்ப்ஷயர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நம் அசீல் சண்டைச் சேவலை வைத்து உருவாக்கியது கார்னிஷ். அதற்கு அங்கே பழைய பெயரே 'இந்தியன் கேம்'.

இனி ஹெப்பாலுக்கு வரலாம். கிராமத்துக்கு என்று ஒரு கோழி வேண்டும் என்ற யோசனை அங்கிருந்த பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியியல் துறையில் எழுந்தது. நாட்டுக்கோழி எதையும் தின்று பிழைக்கும், ஆனால் வருடத்துக்கு அறுபது, எண்பது முட்டைதான். பண்ணை வெள்ளை லெகார்ன் முந்நூறு போடும், ஆனால் தீவனமும் கூண்டும் மருந்தும் இல்லாமல் தாக்குப்பிடிக்காது. போதாததற்கு அதன் வெள்ளை நிறம் தூரத்திலேயே பருந்தின் கண்ணில் படும். கிராமத்து வீட்டுக்காரிக்கும் வெள்ளைக் கோழி என்றால் இளக்காரம்தான். குழம்புக்கு ஆகாது என்பார். எனவே வெள்ளை பிளிமத் ராக், சிவப்பு கார்னிஷ், நியூ ஹாம்ப்ஷயர் இவற்றைக் கலந்து பல வண்ண இறகுள்ள ஒரு கோழியை உருவாக்கி, 1989-ல் கிரிராஜா என்ற பெயரில் வெளியிட்டார்கள். வருடத்துக்கு 130 முதல் 150 முட்டை, ஒவ்வொன்றும் ஐம்பது கிராமுக்கு மேல், ஓடு பழுப்பு. சேவல் மூன்று கிலோவைத் தாண்டும். கனத்த உடம்பு என்பதால் அவ்வளவாகப் பறக்காது, அடைகாக்கவும் அதற்கு மனமிராது. கலப்பினம் ஆனதால் வீட்டிலேயே குஞ்சு பொரித்துத் தலைமுறை ஓட்டினால் குணம் கலைந்துவிடும், குஞ்சைத் திரும்பத் திரும்ப வாங்கத்தான் வேண்டும். 2005-ல் அதன் தம்பியாக ஸ்வர்ணதாரா வந்தது. கொஞ்சம் இளைத்த உடம்பு, முட்டை கூடுதல்.

ஆக, அசீல் ரத்தமும் கிழக்காசியப் பழுப்பும் கப்பலேறிப் போய், நூற்றைம்பது வருடம் கழித்து வேறு பெயர்களில் ஹெப்பாலில் வந்து இறங்கின. கிரிராஜாவை முழு அந்நியம் என்று தள்ளவும் முடியாது, நாட்டுக்கோழி என்று விற்கவும் கூடாது. கடைகளில் பெட்டி போட்டு வரும் பழுப்பு முட்டை பெரும்பாலும் கிரிராஜாவும் அல்ல. பி.வி. 380 போன்ற பழுப்பு லேயர் கோழிகளுடையது அது. லெகார்னைப் போலவே பண்ணையில் தீவனம் தின்று வருடத்துக்கு முந்நூறு போடும் ஜாதி.

கோழியை வைத்து முட்டை நிறத்தைச் சொல்ல ஒரு பழைய வழி உண்டு: காதுமடல். மடல் வெள்ளை என்றால் முட்டை வெள்ளை, மடல் சிவப்பு என்றால் முட்டை பழுப்பு. லெகார்னுக்கும் கிரிராஜாவுக்கும் சரியாகப் பொருந்தும். ஆனால் சிவப்பு மடலோடு வெள்ளை முட்டையிடும் டார்க்கிங்கும் உண்டு, வெள்ளை மடலோடு அடர்பழுப்பு முட்டையிடும் கத்தலோனியக் கோழியும் உண்டு. இறகு நிறத்தை நம்பவே கூடாது. கருங்கோழி என்னும் கடக்நாத் கறுப்பு முட்டையிடும் என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றுகிறது; உண்மையில் அதன் முட்டை வெளிர் பழுப்பு.

நீல முட்டையின் கதை தனி. சிலி நாட்டின் மபூச்சே பழங்குடியினர் வளர்த்த கோழிகளை 1921-ல் ஹேக் நகரில் நடந்த உலகக் கோழி மாநாட்டில் ஸ்பெயின் நாட்டுப் பேராசிரியர் சல்வதோர் கஸ்தெல்லோ அறிமுகப்படுத்தினார். அரௌகானா என்று இன்று அழைப்பது அந்த வழியில் வந்ததைத்தான். எப்போதோ ஒரு வைரஸ் கோழியின் மரபணுவுக்குள் புகுந்து தங்கிவிட, பிலிவெர்டின் என்ற நிறமி ஓட்டுக்குள் சேர ஆரம்பித்தது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். சீனக் கோழிகளிலும் இதேபோல் தனியாக நடந்திருக்கிறது. இது மேல்பூச்சல்ல, ஓட்டை உடைத்தால் உள்ளேயும் நீலம். அதன்மேல் பழுப்பும் படிந்தால் ஆலிவ் பச்சை.

2025 ஆகஸ்டில் தாவணகெரே மாவட்டம் சன்னகிரி தாலுகா நல்லூரில் ஒரு நாட்டுக்கோழி நீலப்பச்சை முட்டையிட்டதாகச் செய்தி வந்து கூட்டம் கூடியது. கால்நடை மருத்துவர்கள் காரணம் சொன்னதும் இதே பிலிவெர்டின்தான். ஆனால் இனத்தோடு பிறந்த நிறம் என்றால் அந்தக் கோழி ஒவ்வொரு முட்டையையும் நீலமாகவே போட வேண்டும். ஒரே ஒரு முட்டை நிறம் மாறியது என்றால் அது புது இனம் அல்ல, அன்றைக்கு அந்தக் கோழியின் உடம்பில் ஏதோ கூடக்குறைய ஆகியிருக்கிறது.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழுப்பு முட்டையில் கெடுதல் ஒன்றுமில்லை, தாராளமாக வாங்குங்கள். ஆனால் தட்டில் இருக்கும் முப்பதும் ஒரே அளவு, ஒரே அடர்பழுப்பு என்றால் நாட்டுக்கோழி விலை கொடுக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்ததும் துணியில் டீ டிகாஷன் கறை ஒட்டினால் அது சாயம் ஏற்றிய வெள்ளை முட்டை, அந்தக் கடைக்கே போகாதீர்கள்.