டவர் சுரங்கம்: தொழிலாளர்களே விலைக்கு வாங்கிய நிலக்கரிச் சுரங்கம்

பிரிட்டனின் நிலக்கரி வரலாறு நம் பாடப்புத்தகத்தில் தொழிற்புரட்சி, ஜேம்ஸ் வாட், நீராவி இஞ்சின் என்று இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். அந்த நிலக்கரியை வெட்டிய ஊர்கள் பிற்பாடு என்ன ஆயின என்று தேர்வில் யாரும் கேட்பதில்லை. அதனால் நாமும் படிப்பதில்லை. அப்படிப்பட்ட ஓர் ஊரின் கதைதான் இது. "இந்தச் சுரங்கத்தில் லாபமில்லை" என்று முதலாளி பூட்டிவிட்டுப் போன பிறகு, அதே சுரங்கத்தைத் தொழிலாளர்கள் சொந்தக் காசைப் போட்டு வாங்கிப் பதின்மூன்று வருடம் நடத்திக் காட்டினார்கள்.

ஊரின் பெயர் ஹிர்வைன். (ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ஹிர்வாவுன் என்று படிக்கத் தோன்றும். வேல்ஸ் மொழி உச்சரிப்பே தனி!) தெற்கு வேல்ஸில் கனன் பள்ளத்தாக்கின் மேல் முனையில், ரிகோஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. சுரங்கத்தின் பெயர் டவர். 1848இல் க்ராஷே என்ற இரும்பாலை முதலாளி குடும்பம் அங்கே ஒரு கோபுரம் கட்டியது. பக்கத்தில் தோண்டிய சுரங்கத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1831இல் பக்கத்திலுள்ள மெர்தர் டிட்ஃபில் நகரத்தில் இரும்பாலைத் தொழிலாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். அதற்கு முன் ஹிர்வைன் பொதுவெளியில் கூடியவர்கள், ஒரு வெள்ளைத் துணியைக் கன்றின் இரத்தத்தில் தோய்த்துத் தூக்கிப் பிடித்தார்களாம். தொழிலாளர்களின் செங்கொடி முதன்முதலில் பறந்தது இங்கேதான் என்று இன்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

கறுப்புத் தங்கமும் அதன் விலையும்

டவரில் 1864 வாக்கில் வேலை ஆரம்பித்தது. முதலில் மலைச்சரிவிலிருந்து சாய்வாக உள்ளே போகும் சுரங்கப் பாதை. 1941இல் 160 மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்துக் குழி ஒன்றைத் தோண்டினார்கள்.

அந்தக் காலத்தில் தெற்கு வேல்ஸ் நிலக்கரிக்கு உலகம் முழுக்க கிராக்கி. புகை குறைவு, சூடு அதிகம் என்பதால் நீராவிக் கப்பல்களுக்கு அதுதான் முதல் தேர்வு. 1913இல் மட்டும் ஏறக்குறைய 5 கோடியே 70 லட்சம் டன் நிலக்கரி தெற்கு வேல்ஸில் வெட்டப்பட்டது. வேலை பார்த்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். கார்டிஃப், பாரி துறைமுகங்கள் வளர்ந்ததெல்லாம் இந்தக் கரியால்தான்.

உற்பத்தி உச்சத்தில் இருந்த அதே 1913 அக்டோபரில்தான் செங்கெனித் என்ற ஊரில் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்களும், மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டனின் சுரங்க வரலாற்றிலேயே மிக மோசமான விபத்து அது. டவரிலும் 1962 ஏப்ரல் 12 அன்று வெடிவிபத்து நடந்து ஒன்பது பேர் போனார்கள். 1966இல் ஆபர்ஃபான் கிராமத்தில் மலைபோல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சுரங்க வேலை சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த மக்களும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் பள்ளத்தாக்கு முழுவதும் அந்த ஒரு தொழிலை நம்பித்தான் இருந்தது. கடை, மதுக்கூடம், பாடகர் குழு, ரக்பி அணி, சங்கம், நூலகம் எல்லாம் சுரங்கச் சம்பளத்தில் வளர்ந்தவை. சுரங்கத்தை மூடினால் மாற்று வேலை இல்லை என்பதுதான் பிரச்சினை.

பூட்டு விழுகிறது

1947இல் பிரிட்டனின் சுரங்கங்கள் தேசியமயமாயின. அதற்குப் பிறகும் எண்ணெயும் எரிவாயுவும் வர வர, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. மூடலை எதிர்த்து 1984 மார்ச்சில் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தம் ஒரு வருடம் நீடித்துத் தோல்வியில் முடிந்தது. கடைசிவரை மிக உறுதியாக நின்ற பகுதிகளில் ஒன்று தெற்கு வேல்ஸ்.

1990இல் மின்துறை தனியார் கைக்குப் போனது. மின் கம்பெனிகள் எரிவாயு நிலையங்களைக் கட்ட ஆரம்பித்தன. வெளிநாட்டு நிலக்கரியும் மலிவாகக் கிடைத்தது. 1992 அக்டோபரில், மிச்சமிருந்த 50 சுரங்கங்களில் 31ஐ மூடப்போவதாக அரசு அறிவித்தது. 1994இல் டவரின் முறை. தெற்கு வேல்ஸில் பிரிட்டிஷ் கோல் நிறுவனத்தின் கையில் எஞ்சியிருந்த கடைசி ஆழ்சுரங்கம் அதுதான். சந்தை நிலவரப்படி அது கட்டுப்படியாகாது என்றார்கள்.

அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆன் க்ளூயிட் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கி, 27 மணி நேரம் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார். அப்படியும் ஏப்ரல் 22 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

ஆளுக்கு 8,000 பவுண்டு

இனிமேல்தான் கதையே!

டவர் தொழிற்சங்கக் கிளையின் செயலாளர் டைரோன் ஓ'சல்லிவன். அடிப்படையில் எலக்ட்ரீஷியன். 1963இல் அவருடைய தந்தை சுரங்க விபத்தில் இறந்திருந்தார். அரசு நிலக்கரித் தொழிலைத் தனியாருக்கு விற்கப் போகிறது என்றால், அந்தத் தனியாராக நாமே ஏன் இருக்கக் கூடாது என்று அவரும் தோழர்களும் யோசித்தார்கள்.

பணத்துக்கு எங்கே போவது? வேலை போனதற்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகை கையில் இருந்தது. அதிலிருந்து 239 பேர் ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 19 லட்சம் பவுண்டுக்கு மேல் வருகிறது. வேலை இல்லாதவனுக்கு அந்தப் பணம்தான் கடைசிச் சேமிப்பு. சுரங்கம் தோற்றால் அதுவும் போய்விடும். அதை எடுத்து, "லாபமில்லை" என்று நிபுணர்கள் கைகழுவிய சுரங்கத்தில் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இவர்களுக்கு ஆலோசகராக வந்து, பிறகு கம்பெனியின் தலைவராகவும் இருந்தவர் ஃபிலிப் வீக்ஸ் என்ற சுரங்கப் பொறியாளர். 1984 வேலைநிறுத்தத்தின்போது தெற்கு வேல்ஸ் சுரங்கங்களுக்கு நிர்வாகத் தரப்பில் இயக்குநராக இருந்தவர் இவர்தான். பத்து வருடம் முன்னால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், இப்போது இந்தப் பக்கம்.

1995 ஜனவரி 2 அன்று தொழிலாளர்கள் குடும்பத்தோடு ஊர்வலமாகச் சுரங்கத்துக்குத் திரும்பினார்கள். இந்த முறை முதலாளியும் அவர்களே.

கடலோரத்தில் இருந்த ஆபர்த்தா அனல்மின் நிலையம் முக்கியமான வாடிக்கையாளர். வேல்ஸ் நிலக்கரியை எரிப்பதற்கென்றே வடிவமைத்த நிலையம் அது. டவர் லாபத்தில் ஓடியது. சில மாதத்தில் கவிழ்ந்துவிடும் என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1999இல் இசையமைப்பாளர் ஆலன் ஹாடினாட் இந்தக் கதையை 'டவர்' என்ற பெயரிலேயே ஓர் ஆப்பெராவாக ஆக்கினார்.

கடைசியில் 2008 ஜனவரி 25 அன்று சுரங்கம் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. இந்த முறை காரணம் வேறு. வெட்டத்தக்க கரி தீர்ந்துவிட்டது. 1994இல் மூடியது எங்கோ ஓர் அலுவலகத்தின் முடிவு. 2008இல் மூடியது பூமிக்கடியில் இருந்த நிஜம். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த பதின்மூன்று வருடச் சம்பளம், அந்த 239 பேர் வாங்கிக் கொடுத்தது.

பிறகு அந்த இடம்?

சுரங்கம் போன இடத்தை என்ன செய்வது என்பதற்குத் தெற்கு வேல்ஸில் பல விடைகள் உண்டு. மிகவும் பெயர் பெற்றது ப்ளைனாவனில் உள்ள பிக் பிட். 1980இல் மூடிய அந்தச் சுரங்கம் 1983இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய சுரங்கத் தொழிலாளர்களே வழிகாட்டிகளாகி, பார்வையாளர்களுக்குத் தலைக்கவசமும் விளக்கும் மாட்டிக் கூண்டில் 90 மீட்டர் கீழே கூட்டிப் போனார்கள். 2000இல் ப்ளைனாவன் வட்டாரம் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது.

டவர் வேறு வழியில் போனது. 2012இல் மேல்மண்ணை அகற்றித் திறந்தவெளிச் சுரங்கமாக மிச்சக் கரியை எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு நிலத்தையும் சீரமைப்பது என்பது திட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த மாதிரி வாக்குறுதிகளில் ஆபத்தும் உண்டு. மெர்தரில் ஃபாஸ்-இ-ஃப்ரான் என்ற பெரிய திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் நின்றபோது, நிலத்தைப் பழையபடி ஆக்கத் தேவையான பணத்தில் சிறு பகுதிதான் ஒதுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கரி போய்விட்டது, பள்ளம் ஊருக்கு!

2021இல் டவர் நிலத்தில் ஜிப் வேர்ல்ட் என்ற சாகச விளையாட்டு நிறுவனம் ஒரு மையத்தைத் திறந்தது. ரிகோஸ் மலை உச்சியிலிருந்து இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு பழைய சுரங்கத்தை நோக்கிப் பறந்து வரலாம். கம்பித்தடத்துக்கு வைத்த பெயர் 'ஃபீனிக்ஸ்'. சாம்பலிலிருந்து எழும் பறவை!

சாகசப் பூங்கா வந்ததில் தவறில்லை. இடிந்த கட்டடமும் கரிக்குவியலுமாகக் கிடப்பதைவிட நல்லதுதான், கொஞ்சம் வேலையும் வரும். ஆனால் டிக்கெட் கொடுக்கும் வேலையும் கம்பியில் ஆளை மாட்டும் வேலையும் ஒரு பள்ளத்தாக்கையே தாங்கிய சுரங்கத்துக்கு ஈடாகாது. நிலம் பச்சையாகிவிட்டதாலேயே ஊர் பிழைத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

"நிலக்கரி புவியைச் சூடாக்குகிறது, சுரங்கம் மூடியது நல்லதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆபர்த்தா 2020இல் மூடப்பட்டது. 2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையமும் நின்றுவிட்டது. டவர் எப்படியும் மூடியிருக்கும், மூடவும் வேண்டும்.

ஆனால் எப்படி மூடுகிறோம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? ஒரு தொழிலை நிறுத்தும்போது, அதை நம்பியிருந்தவர்களுக்கு அடுத்த வேலையையும் அவகாசத்தையும் கொடுத்துவிட்டு நிறுத்துவது ஒரு வகை. ஒரு நாள் காலையில் பூட்டைப் போட்டுவிட்டு, 27 வருடம் கழித்து அங்கே பொழுதுபோக்குப் பூங்கா வருவது இன்னொரு வகை. 1994இல் நடந்தது இரண்டாவது வகை. நடுவில் கிடைத்த அவகாசத்தைத் தொழிலாளர்கள் தங்கள் பையிலிருந்து பணம் போட்டு வாங்க வேண்டியிருந்தது.

டைரோன் ஓ'சல்லிவன் 2023 மே மாதம் காலமானார். "லாபமில்லை" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாமல், "யாருடைய கணக்குப்படி?" என்று ஒரு கேள்வி கேட்கலாம் என்பதை அவரும் தோழர்களும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் இப்படி மூடிக்கிடக்கும் ஆலை ஏதாவது இருக்கிறதா? அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது, அது ஏன் மூடியது, யார் மூடினார்கள், வேலை பார்த்தவர்கள் எங்கே போனார்கள் என்று அங்கிருக்கும் பெரியவர் யாரையாவது விசாரித்துப் பாருங்கள்.