ஆறாயிரம் மீட்டரும் ஒற்றை விற்பனையாளரும்

குடியரசுத் தலைவர், பிரதமர் போன்ற உயர்நிலைப் பிரமுகர்களை ஏற்றிச் சென்ற எம்ஐ-8 ரக ஹெலிகாப்டர்கள் பழையனவாகிவிட்டதால் அவற்றை மாற்ற வேண்டும் என்று இந்திய விமானப்படை 1999ஆம் ஆண்டு முன்மொழிந்தது. 2002 மார்ச்சில் விலைப்புள்ளி கோரப்பட்டபோது விதிக்கப்பட்ட முதன்மையான தகுதி, ஹெலிகாப்டர் 6,000 மீட்டர் உயரம்வரை பறக்க வேண்டும் என்பதாகும். இமயமலை எல்லைப்புறங்களுக்குத் தலைவர்கள் செல்ல நேரலாம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த உயரத்தை எட்டும் எனத் தேறியது யூரோகாப்டர் நிறுவனத்தின் இசி-225 மட்டுமே; பிற்காலத்தில் ஏடபிள்யூ-101 என்று பெயர் பெற்ற இஎச்-101, ஏறத்தாழ 4,572 மீட்டருக்கே சான்று பெற்றிருந்ததால் விலக நேர்ந்தது. தகுதி பெற்றவர் ஒருவரே எஞ்சி, விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேறு எவரும் இல்லாத இந்நிலையை அரசுக் கொள்முதல் வழக்கில் ஒற்றை விற்பனையாளர் நிலை என்பர்.

அதைத் தவிர்ப்பதற்காகவே தகுதிகள் மறுபரிசீலனைக்கு வந்தன. பிரதமர் அலுவலகம் 2003 நவம்பரில் கூட்டிய கூட்டத்தில், 4,500 மீட்டருக்கு மேல் பறக்க வேண்டிய இடங்களுக்குத் தலைவர்கள் அரிதாகவே சென்றிருப்பதால் உயர வரம்பைக் குறைக்கலாம் என்றும், பயணிகள் நிமிர்ந்து நிற்க ஏதுவாக உட்கூட்டின் உயரம் 1.8 மீட்டராக இருக்க வேண்டும் என்றும் கருத்து உருவாயிற்று. இரண்டுமே தனித்தனியே பார்த்தால் நியாயமானவைதாம். ஆனால் உயர வரம்பைக் குறைத்தது ஏடபிள்யூ-101க்குக் கதவைத் திறந்துவிட, உட்கூட்டின் உயரமோ அதே வேளையில் முன்பு தேறிய இசி-225க்குக் கதவை அடைத்தது. தகுதிப் பட்டியலில் ஓர் எண் எழுதப்படும்போதே தேர்வின் பாதி முடிந்துவிடுகிறது என்பதையும், எண்ணை எழுதுபவர் எந்த இயந்திரத்தையும் மனத்தில் கொண்டிராதபோதும் அது அவ்வாறே நிகழும் என்பதையும் இந்தத் திருத்தம் காட்டுகிறது.

2006 செப்டம்பரில் புதிய விலைப்புள்ளி கோரப்பட்டு மூன்று நிறுவனங்கள் விடையளித்தன. அவற்றுள் ரஷ்யாவின் எம்ஐ-172, முன்வைப்புத் தொகையும் நேர்மை உடன்படிக்கையும் (கையூட்டு தரமாட்டோம் என்று விற்பவர் எழுதித் தரும் உறுதிமொழி) தரப்படாததால் தொடக்கத்திலேயே நீங்கியது. எஞ்சிய அமெரிக்க எஸ்-92, ஏடபிள்யூ-101 ஆகியவற்றின் களச்சோதனை 2008 தொடக்கத்தில் நடந்தது. ஆனால் இந்தியாவின் வெப்பத்திலோ மலைகளிலோ அன்று, முன்னது அமெரிக்காவிலும் பின்னது இங்கிலாந்திலுமாக. அதிலும் ஏடபிள்யூ-101 தரப்பில் பறந்தவை, வாங்கப்படவிருந்த வடிவத்துக்கு மாற்றாகக் கொள்ளப்பட்ட வேறு வடிவங்களே. பயணிகள் உட்கூடு மாதிரிக்கூடாகவே காட்டப்பட்டது. சோதனை முடிவில் எஸ்-92 நான்கு தகுதிகளில் தவறியதாகக் கூறப்பட்டது. ஏவுகணை வருவதை எச்சரிக்கும் கருவி, 4,500 மீட்டர் உயர வரம்பு, ஓர் எஞ்சின் நின்றபின் எவ்வளவு உயரத்தில் நிலைக்க முடியும் என்ற அளவு, தரையிலிருந்து மீண்டுவரும் காற்றின் தாங்கல் இல்லாத உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கும் ஆற்றல் என்பவை அந்நான்கு. எஞ்சின் ஒன்று நின்றால் ஏடபிள்யூ-101க்கு இன்னும் இரண்டு இருக்கும், எஸ்-92க்கு ஒன்றே மிஞ்சும் என்பதால், மூன்றாவது அளவுகோலின் சாய்வை விளக்கவே வேண்டியதில்லை. ஒற்றை விற்பனையாளரைத் தவிர்க்கத் திருத்தப்பட்ட தகுதிப்பட்டியல் மீண்டும் ஒற்றை விற்பனையாளரிடமே வந்து நின்றது.

2010 பிப்ரவரியில் 12 ஏடபிள்யூ-101 ஹெலிகாப்டர்களுக்கு ஏறத்தாழ 55.6 கோடி யூரோ மதிப்பில் ஒப்பந்தம் ஆயிற்று. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2013 அறிக்கை, வெளிநாட்டுச் சோதனையையும், பேரம் பேசும் குழு விற்பனையாளர் கேட்டதைவிட அதிகமான தொகையை அடிப்படை விலையாக வைத்துக்கொண்டதையும் கடிந்தது. கையூட்டுக் குற்றச்சாட்டு, 2014 ஜனவரி 1 அன்று நேர்ந்த ஒப்பந்த ரத்து, இத்தாலிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் ஏடபிள்யூ-101ஐத் தயாரித்த நிறுவனத்தின் அதிகாரிகளை விடுவித்தது ஆகியவை வேறொரு வரலாறு. அவை இல்லாதிருந்தாலும் தணிக்கையின் வினாக்கள் அப்படியே நின்றிருக்கும்.

இதே இரு ரகங்கள் அமெரிக்க அதிபருக்கான போட்டியிலும் மோதின. 2005 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை இஎச்-101இன் அமெரிக்க வடிவத்தைத் தேர்ந்தது. பாதுகாப்பு, தகவல் தொடர்பு சார்ந்த தேவைகள் தேர்வுக்குப் பிறகும் பெருகியதால், 610 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்ட திட்டம் 1,100 கோடியைத் தாண்டி 2009இல் கைவிடப்பட்டது. ஒப்பிடப்பட்ட இயந்திரம் ஒன்று, கட்டப்பட வேண்டியிருந்தது இன்னொன்று என்றாகியபின் பழைய மதிப்பெண்களுக்குப் பொருளில்லை. மறுபடி கோரியபோது போட்டியிட முன்வந்த ஒரே தரப்பு சிகோர்ஸ்கி. 2014இல் அதன் எஸ்-92ஐ அடிப்படையாகக் கொண்ட விஎச்-92ஏ, ஒப்பிட எதிரி எவரும் இன்றித் தேர்வாயிற்று. வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளிக்குச் சேதமின்றி இறங்க வேண்டும் என்பது அதன் தகுதிகளுள் ஒன்று. 2018இல் நடந்த சோதனையில் எஞ்சினின் வெப்பப் புகை அந்தப் புல்லைக் கருக்கியது.